கரை கட்டாத ஏரிகள்

ஜனவரி மாதத்தின் கடைசிப் புதன்கிழமை, காலை 8:50. வெளியே மைனஸ் 22 டிகிரி. சாப்பாட்டு மேசையில் என் லேப்டாப், கணவரின் லேப்டாப், மகனின் டேப்லெட் மூன்றையும் வரிசையாகத் திறந்து வைத்து, மூன்றிலும் காட்டு அனுமதிச்சீட்டுக்கான ஒரே முன்பதிவுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் கடைசியில் காட்டுக்குப் போக ஜனவரியிலேயே இப்படி உட்கார வேண்டியிருக்கிறது. சென்னையில் இருந்தபோது தீபாவளிக்கு ஊருக்குப் போகத் தத்காலில் சீட்டு எடுத்துப் பழகிய விரல்கள்; அந்த அனுபவம் கைகொடுக்கும் என்று நினைத்தேன். 9 மணிக்குத் திறந்தது. மூன்று வாரமாகக் கண் வைத்திருந்த நுழைவிடம் 9:02-க்கு என் தேதியில் தீர்ந்துவிட்டது. இரண்டாவது விருப்பமும் போயிற்று. கடைசியில் லேக் ஒன் என்ற நுழைவிடத்தில், ஆகஸ்ட் கடைசி வாரத்துச் செவ்வாய்க்கிழமைக்கு, நான்கு பேருக்குக் கிடைத்தது. முன்பதிவுக்கு 6 டாலர், பெரியவர்களுக்கு ஆளுக்கு 16, பையனுக்கு 8. உள்ளே இரண்டு நாள் தங்கினாலும் பத்து நாள் தங்கினாலும் அதே காசுதான்.

இது பவுண்டரி வாட்டர்ஸ் பற்றிய கதை. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் மின்னசோட்டா மாநிலத்தின் வடக்கு விளிம்பில், கனடா எல்லையை ஒட்டி ஏறக்குறைய 240 கிலோமீட்டருக்கு நீளும் காடு. பரப்பு 11 லட்சம் ஏக்கர், அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். உள்ளே சாலை இல்லை, கடை இல்லை, மின்சாரம் இல்லை, போன் சிக்னலும் அநேகமாக இல்லை. 1964-ல் வனப்பாதுகாப்புச் சட்டமும், 1978-ல் இந்தப் பகுதிக்கென்றே தனிச் சட்டமும் வந்த பிறகு, ஒரு சில ஏரிகளைத் தவிர மோட்டார் படகுக்கும் இடமில்லை. ஆகாயத்துக்குக்கூடச் சட்டம் உண்டு: 4,000 அடிக்குக் கீழே விமானம் பறக்கக் கூடாது என்று 1949-ல் அதிபர் ட்ரூமன் உத்தரவு போட்டார். அதற்கு முன்னால் மீன்பிடிக்கிறவர்கள் கடல் விமானத்தில் வந்து நடு ஏரியில் இறங்கிக்கொண்டிருந்தார்களாம். ஆகவே போவதற்கு ஒரே வழி துடுப்பு. ஏரி முடிகிற இடத்தில் படகைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரி வரை நடக்க வேண்டும்.

அனுமதிச்சீட்டு வாசலுக்கு மட்டும்தான். எந்த நாள், எந்த நுழைவிடம் என்பதை மட்டும் அது கட்டுப்படுத்துகிறது. உள்ளே போன பிறகு எந்தப் பக்கம் போவது, எங்கே கூடாரம் போடுவது எல்லாம் நம் இஷ்டம். மொத்தம் 2,000 சொச்சம் முகாமிடங்கள்; ஒவ்வொன்றிலும் இரும்புத் தட்டி போட்ட ஓர் அடுப்பு, காட்டுக்குள் கொஞ்சம் தள்ளி, சுவரோ கூரையோ இல்லாத ஒரு கக்கூஸ். முதலில் போய்ச் சேர்ந்தவருக்கு இடம். ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது, படகு நான்குக்கு மேல் கூடாது.

இந்த ஒன்பது பேர் விதியில்தான் எங்கள் நண்பர் வட்டம் கழன்றுகொண்டது. இங்கே எங்களுக்கெல்லாம் டூர் என்றால் ஐந்து குடும்பம், ஏரிக்கரையில் ஒரு பெரிய வாடகை வீடு, 20 பேருக்கு பிரியாணி அண்டா, இரவு இரண்டு மணி வரை சீட்டு. அதிலும் சுகம் உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் ஏழு வருடமாக ஏரிக்குப் போய்விட்டு வந்து ஏரியைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவுமே இல்லாமல் இருந்தது.

சீட்டு கிடைத்த அன்று இரவு, அதாவது ஊரில் மறுநாள் காலை, அப்பாவுக்கு போன் செய்தேன்.

"அப்பா, நீங்க மே மாசம் வரீங்கல்ல, ஆகஸ்ட்ல உங்களையும் சேர்த்து ஏரிக்கு சீட்டு போட்டிருக்கேன். ஆயிரத்துச் சொச்சம் ஏரி இருக்கு அங்க."

"ஆயிரமா? யாரும்மா வெட்டினது?"

"யாரும் வெட்டலப்பா. தானா உண்டானது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப அது ஏரி இல்லம்மா. பள்ளம்."

அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக 31 வருடம் வேலை பார்த்தவர். லஸ்கர் என்றால் மதகைத் திறந்து மூடுகிறவர், கரையைச் சுற்றி வந்து பார்க்கிறவர், இரவில் மழை கொட்டும்போது டார்ச்சும் கோணிப்பையுமாக ஓடுகிறவர். எங்கள் வீடு காட்டுமன்னார்கோயில் பக்கம். அப்பாவின் ஏரி வீராணம். சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது, வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயர் தேய்ந்து வீராணம் ஆனது. கொள்ளிடத்துக் கீழணையில் பிரியும் தண்ணீர் வடவாற்றில் ஓடி வந்து அதை நிரப்புகிறது. 2004-லிருந்து சென்னைக்கும் அங்கிருந்து குடிநீர் போகிறது. அதைப் பற்றி அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தால் சாப்பாடு ஆறிவிடும்.

அவருக்கு ஏரி என்றால் ஒரு கரை, மதகுகள், மிஞ்சிய தண்ணீர் வழிய ஒரு கலங்கல், உள்ளே வர வரத்து வாய்க்கால், வெளியே போனால் அதன் தண்ணீரில் விளையும் நிலமான ஆயக்கட்டு. இதில் ஒன்று குறைந்தாலும் அது ஏரி ஆகாது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் என்று கணக்கு. அத்தனையும் மனிதர்கள் சரிவைப் பார்த்து, மண்ணை வெட்டி, குறுக்கே கரை போட்டு உண்டாக்கியவை. நானும் அந்தத் தமிழில்தான் வளர்ந்தேன். ஆனாலும் இங்கே வந்து பத்து வருடமாக 'லேக்' என்பதை யோசிக்காமல் 'ஏரி' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவருக்கு விளக்க வேண்டும் என்பதற்காகவே படித்தேன். அந்த வட்டாரத்துப் பாறைகளில் பழையவை 270 கோடி வருடத்துக்கு முந்தியவை. பனியூழியில் மேலே கிடந்த பனிப்பாளம் நகர்ந்து நகர்ந்து மண்ணையெல்லாம் வழித்துக்கொண்டு போய், பாறையில் இளகிய இடங்களைத் தோண்டிவிட்டுப் பத்தாயிரம் வருடங்களுக்கு முன்னால் வடக்கே பின்வாங்கியது. தோண்டிய குழிகளில் தண்ணீர் நின்றது. அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி, அப்ப ஐஸ்தான் மேஸ்திரி." அதற்குப் பிறகு அவர் அதைப் பள்ளம் என்று சொல்லவில்லை.

என் முதல் திட்டத்தை இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆறு நாளில் ஒரு பெரிய சுற்று. வரைபடத்தில் நீல நிறத்தில் ஏரிகள், நடுவே சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஓர் எண்: 25, 80, 160. அது போர்ட்டேஜ், அதாவது படகைச் சுமந்து நடக்கும் பாதை. எண் எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் மீட்டர் என்று நானாக வைத்துக்கொண்டேன். அது மீட்டர் இல்லை, ராடு. பழைய நில அளவை அலகு. ஒரு ராடு 16.5 அடி, கிட்டத்தட்ட ஒரு கனூவின், அதாவது அங்கே ஓட்டும் ஒல்லியான துடுப்புப் படகின், நீளம். 320 ராடு சேர்ந்தால் ஒரு மைல். மற்ற இடங்களில் அநேகமாகப் புழங்காத அலகை இந்தக் காட்டுக்காரர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். நம்மூரில் நில அளவுக்குக் குழியும் மாவும் வைத்திருப்பது போல.

என் சுற்றில் 19 போர்ட்டேஜ், மொத்தம் 1,400 ராடு. ஏழு கிலோமீட்டர். ஆறு நாளில் ஏழு கிலோமீட்டர் நடக்க முடியாதா என்று தோன்றும். ஆனால் படகு, கூடாரம், சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோக எங்களால் முடியாது. ஒரு சுமையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து, அடுத்த சுமையோடு மறுபடி போக வேண்டும். ஒவ்வொரு பாதையும் மூன்று முறை. ஏழு கிலோமீட்டர் 21 ஆகிறது, அதில் 14 சுமையோடு, வேரும் சேறும் வழுக்குப் பாறையுமான பாதையில். அப்பாவுக்கு வயது 67. வலது முழங்கால் படியில் இறங்கும்போது சொடக்கு விடும்.

"நான் தலையில கோணிமூட்டை மண்ணைத் தூக்கிக்கிட்டு உடைப்பு அடைச்சவன்" என்றார்.

"அது முப்பது வருஷத்துக்கு முன்னாடிப்பா."

"முட்டி அதேதான்."

முட்டி அதேதான், அதுதான் பிரச்சினை என்று சொல்ல வாய் வரவில்லை. வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

மூன்றாவது விருப்பமாகக் கிடைத்த லேக் ஒன் இப்போது வேறு மாதிரி தெரிந்தது. ஈலி என்ற சிற்றூரிலிருந்து ஃபெர்ன்பெர்க் சாலையில் கிழக்கே போனால் சாலை முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே லேக் ஒன், டூ, த்ரீ, ஃபோர். பெயர் வைத்தவர் அன்று களைத்திருக்க வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக மட்டும் இரண்டு சிறிய போர்ட்டேஜ், 30, 40 ராடு அளவில். அதற்கப்புறம் இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் குறுகிய நீர்வழிகளால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, இறங்கவே வேண்டாம். மூன்று நடை நடந்தாலும் போக ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். லேக் த்ரீயில் நல்ல இடம் பார்த்து ஒரே கூடாரம், நான்கு இரவு. பகலில் வெறும் படகோடு சுற்றிவிட்டு மாலையில் திரும்பலாம். அனுபவப்பட்டவர்கள் இதை 'பேஸ் கேம்ப்' என்பார்கள், கொஞ்சம் இளக்காரமாக. இளக்காரம் செய்யட்டும்.

சுமப்பதில் சாதனை செய்தவர்கள் வேறு யாரோ அல்ல, இந்த எல்லை ஏரிகள் வழியாகப் போனவர்கள்தான். 18-ம் நூற்றாண்டில் மென்மயிர்த் தோல் வியாபாரத்துக்காக மான்ட்ரியாலிலிருந்து பிரெஞ்சு-கனடியப் படகோட்டிகள் பிர்ச் மரப்பட்டைப் படகில் வந்தார்கள். ஒரு மூட்டை 90 பவுண்டு. ஆளுக்கு இரண்டு மூட்டை, அதாவது 80 கிலோவுக்கு மேல், நெற்றியில் மாட்டிய தோல்பட்டையில் தொங்கவிட்டு நடந்தார்கள். வழியில் சுமையை இறக்கி இளைப்பாறும் இடத்துக்குப் 'போஸ்' என்று பெயர். நீண்ட பாதை என்றால் மைல் சொல்ல மாட்டார்களாம், எத்தனை போஸ் என்று சொல்வார்களாம். இதை அப்பாவிடம் மொழிபெயர்த்துச் சொல்லத் திணறியபோது அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "சுமைதாங்கி."

அடுத்து எடை. ஓர் எக்செல் தாள் திறந்து, சமையலறைத் தராசில் ஒவ்வொரு பொருளாக வைத்து, கிராம் கணக்கில் எழுதினேன். என் கணவர் இதை நோய் என்கிறார். வாடகைக் கனூவில் இரண்டு வகை. அலுமினியப் படகு மலிவு, ஆனால் 70 பவுண்டுக்குக் குறையாது. கெவ்லர் என்ற இலேசான செயற்கை இழையில் செய்தது என்றால் 42 பவுண்டு, 19 கிலோ. நான்கு பேருக்கு இரண்டு படகு வேண்டும்; வாடகை வித்தியாசத்தைப் பார்த்து ஒரு நிமிடம் கையைப் பிசைந்தேன், பிறகு கெவ்லருக்கே சொல்லிவிட்டேன். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது என் கருத்து. லைஃப் ஜாக்கெட்டிலும். மற்றதில் எல்லாம் தாராளமாகக் கஞ்சத்தனம் செய்யலாம்: விலை உயர்ந்த காட்டுக் காலணி வேண்டாம், நனைந்தாலும் கழன்று வராத பழைய ஷூ போதும். படகைத் தரையில் இடிக்காமல் இறக்க எப்படியும் முழங்கால் தண்ணீரில் கால் வைத்துத்தான் ஆக வேண்டும். காய்ந்த பாதம் என்ற ஒன்று அங்கே கிடையாது.

சாப்பாட்டில்தான் நாங்கள் ராஜாக்கள். கடைகளில் தண்ணீர் ஊற்றிக் கலக்கும் உலர்உணவுப் பொட்டலம் ஒன்று பத்து டாலருக்கு மேல். அதைப் பார்த்தவுடன் புரிந்தது, நம் ஆட்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கால்நடையாகப் போன காலத்திலேயே இந்தக் கலையை முடித்துவைத்துவிட்டார்கள் என்று. புளிக்காய்ச்சல் கெடாது. அவல் எடையே இல்லை. சத்துமாவு, பருப்புப்பொடி, இட்லிப்பொடி, மோர்மிளகாய், சுண்டைக்காய் வற்றல். சாம்பாரை மட்டும் கெட்டியாக வைத்து, உலர்த்தும் இயந்திரத்தில் தட்டையாகப் பரப்பி எட்டு மணி நேரம் காயவிட்டேன்; அப்பளம் மாதிரி வந்தது. உடைத்து வெந்நீரில் போட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி சாம்பார். முருங்கைக்காய் மட்டும் தும்பாக மாறிவிட்டது, அதைச் சேர்க்க வேண்டாம்.

உள்ளே தகர டின்னும் கண்ணாடி பாட்டிலும் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அம்மா மே மாதம் வரும்போது ஆவக்காய் ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். அதை பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றியதைப் பார்த்து, "எந்த ஆபீசர் வந்து காட்டுக்குள்ள பாட்டிலை எண்ணப்போறான்?" என்று கேட்டாள். எண்ணுவார்கள் அம்மா, ரேஞ்சர் கனூவிலேயே வருவார். அம்மா எங்களோடு காட்டுக்கு வரவில்லை. "தண்ணியும் கொசுவும் பாக்க இவ்வளவு தூரம் பிளேன்ல வரணுமா, கொல்லைப்பக்கமே இருக்கே" என்பது அவள் கட்சி. அந்த நான்கு இரவும் பக்கத்து பிளாக் மாமி வீட்டில் தங்கப் போகிறாள். அவர்கள் இருவரும் இப்போதே ஒரு தொடரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

பிறகு கரடி. அங்கே இருப்பது கருங்கரடி. ஆளுக்குப் பயப்படும், ஆனால் சாப்பாட்டு வாசனைக்கு மயங்கும். 2024-லிருந்து விதியை இறுக்கியிருக்கிறார்கள்: சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத டப்பாவில் பூட்ட வேண்டும், இல்லையென்றால் தரையிலிருந்து 12 அடி உயரத்தில், மரத்திலிருந்து 6 அடி தள்ளிக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். எங்களிடம் பெருங்காயம் இருக்கிறது. படகு வாடகைக்குக் கேட்டிருந்த கடைக்காரரிடம் போனில், மிக வாசனையான ஒரு பொருள் கொண்டுவருகிறோம், பரவாயில்லையா என்று கேட்டேன். எதைப் போல வாசனை என்று கேட்டார். அதற்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. இரண்டு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பருவத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஏப்ரல் கடைசி, மே முதலில் பனிக்கட்டி உருகுகிறது. மே நடுவிலிருந்து ஜூன் வரை கறுப்பு ஈ, ஜூன் ஜூலையில் கொசு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம் ஒரே ஒரு பகல் அங்கே போய்ப் பார்த்தோம். மகன் காதுக்குப் பின்னால் ரத்தத்தோடு காரில் ஏறி, இனி வரவே மாட்டேன் என்றான். ஆகஸ்ட் கடைசியில் பூச்சி குறையும், தண்ணீரிலும் இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பு இருக்கும். செப்டம்பர் இன்னும் நல்லது என்பார்கள், ஆனால் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினம் தாண்டியதும் பள்ளிக்கூடம் திறந்துவிடும். ஆக, அந்தக் கடைசி வாரம்.

அந்த வாரத்தில் ஒரு கவலை உண்டு, தீ. 2011 ஆகஸ்ட் 18-ல் பகாமி கிரீக் பக்கம் ஒரு மின்னல் விழுந்தது. மூன்று வாரத்துக்கும் மேல் சும்மா புகைந்துகொண்டிருந்துவிட்டு, செப்டம்பர் 12-ம் தேதி ஒரே நாளில் 16 மைல் ஓடியது. மொத்தம் 93,000 ஏக்கர் எரிந்தது. நாங்கள் கூடாரம் போட நினைக்கும் லேக் த்ரீயும் அந்த எரிந்த நிலத்தில்தான் வருகிறது. இப்போது அங்கே பெரிய மரங்களின் நிழல் குறைவு. இளம் ஜாக் பைன் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. ஜாக் பைன் காய்கள் மெழுகால் ஒட்டியது போல மூடிக்கிடக்கும், தீயின் சூட்டில்தான் திறந்து விதையைக் கொட்டும். 2021 ஆகஸ்டில் வேறு சில காட்டுத்தீக்களால் மொத்த வனத்தையும் ஏறக்குறைய இரண்டு வாரம் பூட்டிவிட்டார்கள், சீட்டு கையில் வைத்திருந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அதனால் டுலூத்தில் சுப்பீரியர் ஏரிக்கரையில் ஒரு அறையைக் கடைசி நாள் வரை ரத்து செய்யக்கூடிய விதமாகப் பிடித்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் முதலிலேயே அங்கே போயிருக்கலாமே என்பாள்.

அப்பா மே மாதம் வந்து இறங்கிய மூன்றாம் நாள், தூக்கம் சரியாகாத விடிகாலையில், தண்ணீர் புகாத அந்தப் பெரிய வரைபடத்தை வரவேற்பறைத் தரையில் விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்திருந்தார். நான் காபியோடு வந்தேன்.

"கலங்கல் எங்கம்மா?"

"கலங்கல் இல்லப்பா."

"உபரித் தண்ணி எங்கியாவது போயாகணுமே. இல்லன்னா இந்நேரம் உப்பாயிருக்கும்."

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்து மாதமாக இந்த வரைபடத்தோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். நான் பார்த்ததெல்லாம் எங்கே நடக்க வேண்டும், எங்கே படுக்க வேண்டும் என்பதைத்தான். இருவரும் தரையில் உட்கார்ந்து விரலால் தண்ணீரைத் தேடினோம். லேக் ஒன் வழியாகப் போவது கவிஷிவி ஆறு. அது மேற்கே போய் ஃபால் ஏரி, அங்கிருந்து எல்லையில் பாஸ்வுட் ஏரி, ரெய்னி ஆறு, லேக் ஆஃப் த வுட்ஸ், வினிபெக் ஆறு, வினிபெக் ஏரி, நெல்சன் ஆறு என்று கனடாவுக்குள் நீண்டு, கடைசியில் ஹட்சன் விரிகுடாவில் விழுகிறது. எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் ஓடும் ஓடை மிசிசிப்பியில் சேர்ந்து மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. நான்கு மணி நேரம் வடக்கே கார் ஓட்டினால் தண்ணீர் திசை மாறிவிடுகிறது. நடுவில் ஒரு மேட்டைத் தாண்டுகிறோம், தாண்டுவது தெரியாமலே.

"இத்தனை வீழ்ச்சி இருக்கு, இத்தனை தண்ணி இருக்கு. யாரும் அணை கட்டலியா?" என்றார் அப்பா. பொதுப்பணித்துறை பேசியது.

கட்டப் பார்த்தார்கள். 1925-ல் எட்வர்ட் பேக்கஸ் என்ற மர ஆலை முதலாளி, இந்த எல்லை ஏரிகளில் வரிசையாக அணைகள் கட்டி, நீர்மட்டத்தை உயர்த்தி, மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டார். ரெய்னி ஏரியில் ஒரு தீவில் வாழ்ந்த எர்னஸ்ட் ஓபர்ஹோல்ட்சர் என்பவர் அதை எதிர்த்துக் கிளம்பினார். வருடக்கணக்கில் இழுத்தது. 1930-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: இந்தப் பகுதியில் ஏரிகளின் இயல்பான நீர்மட்டத்தை மாற்றக் கூடாது, கரையிலிருந்து 400 அடிக்குள் மரம் வெட்டக் கூடாது. நீர்மட்டத்தைத் தொடாதே என்று ஒரு சட்டம்! அப்பா வாழ்நாள் முழுக்கப் பார்த்த வேலையே நீர்மட்டத்தைத் தொடுவதுதான்.

அவர் அதைத் தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "கீழ ஆயக்கட்டு இல்லல்ல, அதான் விட்டுட்டாங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "எங்களுக்கு விட முடியாது" என்றார்.

அப்புறம் அவரைச் சிரிக்க வைத்தது பீவர். அந்தக் காட்டில் இன்றைக்கும் அணை கட்ட யாருக்காவது உரிமை இருக்கிறது என்றால் அந்த விலங்குக்குத்தான். மரத்தைப் பல்லால் கடித்துச் சாய்த்து, சேறும் குச்சியும் வைத்து ஓடையை அடைத்துத் தண்ணீர் தேக்கும். கவிஷிவி என்பது அந்த வட்டாரத்துப் பழங்குடிகளான ஒஜிப்வே மக்களின் மொழிப் பெயர்; அதற்கே பீவர் வீடுகள் நிறைந்த ஆறு என்றுதான் பொருள் சொல்கிறார்கள். வீடியோவில் ஒரு பீவர் உடைப்பை அடைப்பதைக் காட்டினேன். அப்பா மூன்று முறை பார்த்தார். "ராத்திரியிலதான் வேலை பாக்குது பாரு. உடைப்பு எப்பவும் ராத்திரிலதான் எடுக்கும்."

ஒஜிப்வே மக்களைப் பற்றியும் அவரிடம் பேச வேண்டியிருந்தது, நெல்லால். அங்கே ஆழமில்லாத ஏரி ஓரங்களில் தண்ணீருக்குள்ளேயே ஒரு தானியம் விளைகிறது; அவர்கள் அதை மனோமின் என்கிறார்கள். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் அறுவடை. ஒருவர் கனூவைக் கழியால் தள்ள, இன்னொருவர் இரண்டு குச்சிகளால் கதிரைப் படகுக்குள் வளைத்து மெல்லத் தட்டுவார். முற்றியது உதிரும், தண்ணீரில் விழுவது அடுத்த வருடத்துக்கு விதை. 1854 ஒப்பந்தத்தில் நிலத்தை அரசுக்கு விட்டுக்கொடுத்தபோதும் வேட்டைக்கும் மீனுக்குமான உரிமையை அவர்கள் விடவில்லை. மனோமினை இன்றும் இந்த ஏரிகளில் எடுக்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு பை வாங்கி வந்து பொங்கினேன். கறுப்பாக, நீளமாக, மண்வாசனையோடு இருந்தது. "அரிசி இல்ல" என்றார், மறுசோறு போட்டுக்கொண்டே. உண்மைதான், இது நெல் வகையே இல்லை, வேறொரு புல். உழாமல், நாற்று விடாமல், தண்ணீர் கட்டாமல் விளைகிறது என்பதைத்தான் அவர் ரொம்ப நேரம் நம்பவில்லை.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் பயணக் காப்பீடு எடுத்தாயிற்று. ரத்த அழுத்த மாத்திரை இரண்டு தனித்தனிப் பைகளில், ஒவ்வொரு படகில் ஒன்று. சிக்னல் இல்லாத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி ஒன்றை வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் வடிகட்ட ஒரு பை. பாத்திரம் கழுவினால் ஏரியிலிருந்து 150 அடி தள்ளிக் கழுவ வேண்டும், சோப்பு ஒரு சொட்டும் ஏரியில் விழக் கூடாது. காற்று மதியம் எழும்பும். பெரிய நீர்ப்பரப்பைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். காலை 6 மணிக்குத் துடுப்பு என்றால் கணவரும் மகனும் முகத்தைத் தூக்கினார்கள். அப்பா அதற்குள் குளித்திருப்பார்.

போன ஞாயிறு மினியாபொலிஸில் நொகோமிஸ் ஏரியில் ஒரு கனூ எடுத்து ஒத்திகை பார்த்தோம். நான் பின்னால், அப்பா முன்னால். அவர் பரிசலில் போனவர்தான், ஆனால் பரிசல் வட்டம், எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். கனூவில் ஒரு பக்கம் சாய்ந்தால் உலகமே சாய்கிறது. பத்து நிமிடம் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பிறகு துடுப்பை எடுத்தார். மண்வெட்டி போடுகிற மாதிரி ஆழமாக, சீராக, அவசரமில்லாமல். என்னைவிட நேராகப் போனது படகு. ஏரியின் தென்கோடியைத் தாண்டும்போது, தண்ணீர் மட்டம் நேற்றைவிட ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? கரையோரக் கல்லில் ஈரக்கோடு எங்கே இருக்கிறது என்று பாரு என்றார்.

நேற்று இரவு எக்செல் தாளை மூடப்போகும்போது பால்கனியிலிருந்து வந்தார். கையில் ஒரு மெல்லிய மரச்சட்டம், மகனின் பழைய புத்தக அலமாரியிலிருந்து கழன்றது, இரண்டடி இருக்கும். ஒரு பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, சிவப்பு மார்க்கரால் அங்குலம் அங்குலமாகக் கோடு போட்டு, அடிக்கு ஒரு பெரிய கோடு போட்டிருந்தார். போய் இறங்கியதும் கூடாரத்துக்குப் பக்கத்தில் தண்ணீரில் நட்டுவைப்பாராம். காலையும் மாலையும் பார்த்து எழுதுவாராம்.

"யாரும் திறக்காத ஏரி, யாரும் மூடாத ஏரி. என்னதான் பண்ணுதுன்னு பாப்போமே."

இந்தத் தாளில் ஒரு துண்டு சோப்பைப் பாதியாக வெட்டியிருக்கிறேன், பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்திருக்கிறேன், கணவரின் இரண்டாவது ஜோடி செருப்பை ஈவிரக்கமில்லாமல் அடித்திருக்கிறேன். சட்டத்தை வாங்கித் தராசில் வைத்தேன். கடைசி வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: மட்டக்குச்சி, 1, 140 கிராம், அப்பா.